விழாத பெட்டி

நான் பொய் சொல்லலைங்க அண்ணா. அதை மொதல்லயே சொல்லிடறேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீங்க அதைக் கேக்கலைதான். கண்ணு செவந்திருக்குதே, ஒடம்புக்கு முடியலையான்னுதான் கேட்டீங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. ஒரு விசாரணைக்குப் போய் சாட்சி சொல்லிட்டு வர்றேன். காலைல பதினோரு மணிக்குச் சொன்னது. இப்ப மணி மூணாகப் போகுது, வாய் இன்னும் காஞ்சே கெடக்குது.

இந்த பஸ்ஸுல நீங்க கோயமுத்தூர் வரைக்குங்களா? நானும் அங்கதான். பல்லடம் தாண்டறதுக்கே இன்னும் நேரம் ஆகும். சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எம்பேரு சிவநேசன். பீளமேட்டுப் பக்கம் ஒரு கம்பெனில வேலை. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய மிஷின் செய்யறோம். கொறை மாசத்துல, எடை கம்மியாப் பொறக்கற கொழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருப்பாங்கல்ல, உள்ள கதகதன்னு இருக்கும், அந்தப் பெட்டி. அதுக்குள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்குது. கம்ப்யூட்டருக்கு அடியில எல்லாத்தையும் தாங்கற ஒரு புரோகிராம் இருக்குது, கெர்னல்னு பேரு. மேல ஓடற புரோகிராம்ல ஒண்ணு செத்தா மத்தது ஓடும். கெர்னல் விழுந்தா, அதாவது அதோட ஓட்டம் நின்னா, மொத்தமும் விழுந்துரும். அந்தக் கெர்னல்ல, கொழந்தையோட சூட்டை அளக்கற சென்சார்கிட்டப் பேசற பகுதி என்னோடது. பதினாறு வருசமா இதே வேலைதாங்க. தலையில நரை விழுந்ததே அதுலதான்.

போன ஐப்பசியில டாக்டருங்க எல்லாம் வந்திருந்தாங்க, பெட்டியைப் பாக்க. பாத்துப் புடிச்சுப் போச்சுன்னா அறுபது பெட்டி எடுத்துக்குவாங்க. எங்க மொதலாளி பட்டுச் சட்டை போட்டுட்டு நின்னுட்டிருக்கார். ஒரு டாக்டரம்மா, கரண்ட் போனா என்னாகும்னு கேட்டுட்டு, சொவத்துல இருந்து பிளக்கைப் புடுங்கிட்டாங்க. ஒண்ணும் ஆகலை. பேட்டரியில ஓடுச்சு. மறுபடி சொருகினாங்க. அவ்வளவுதான், அரை நிமிசத்துல பெட்டி விழுந்துருச்சு. திரை கருப்பாயிடுச்சு. கம்ப்யூட்டர் விழுந்தா ஊரைக் கூட்டறதுக்குன்னே தனியா ஒரு சின்னச் சிப் வெச்சிருக்கோம். அது அலாரம் அடிக்க ஆரம்பிச்சுது பாருங்க, செவப்பு லைட்டு சுத்துது, காது கிழியுது, எங்க மொதலாளி மூஞ்சியைப் பாக்க முடியலை.

அவரு திட்டலைங்க. திட்டியிருந்தாத் தேவலை. என்னைக் கூப்புட்டு, "சிவநேசன், இனிமே இது விழக்கூடாது"ன்னார். அது ஒண்ணுதான் சொன்னார். நானும் அது ஒண்ணைத்தான் செஞ்சேன். அதை நெனப்புல வெச்சுக்கங்க.

ஏன் விழுந்துச்சுன்னு கேளுங்க. கெர்னல் விழுகும்போது சும்மா விழாதுங்க. எந்த வரியில விழுந்தேன், யாரு என்னை அங்க அனுப்புனாங்கன்னு எழுதி வெச்சுட்டுத்தான் விழும். எடுத்துப் பாத்தோம். பாயிண்டர்னு ஒண்ணு இருக்குதுங்க. சீட்டு மாதிரி. இந்தச் சாமான் இந்த எடத்துல இருக்குதுன்னு அட்ரஸ் எழுதின சீட்டு. சென்சாரோட சீட்டு அந்த வரிக்குக் காலியா வந்திருக்குது. அட்ரஸே இல்லை. இல்லாத அட்ரஸைத் தேடிப் போன கெர்னல் விழுந்துருச்சு.

இந்த எடத்துலதான் அந்தப் பொண்ணு வர்றா. மெர்லின் புஷ்பராணி, நாகர்கோயில் பக்கம். என் வேலைதான் அவளுக்கும், ஒரே அந்தஸ்து. நான் எழுதறதை அவ படிச்சுச் சரின்னு சொன்னாத்தான் உள்ள போகும், அவ எழுதறதை நான். அவ சொன்னா, இந்த எடத்துல சீட்டு காலியா வர நியாயமே இல்லை, சென்சார் சேந்த அன்னைக்கே எழுதியாச்சு, கழட்டற வரைக்கும் அது அப்படியே இருக்கணும், நியாயமில்லாத எடத்துல காலியா வருதுன்னா வேற எங்கயோ தப்பு ஒக்காந்திருக்குதுன்னு. அதைக் கண்டுபுடிக்க ஒரு வாரம் வேணும்னா.

ஒரு வாரத்துக்கு நான் எங்கங்க போவேன்? டாக்டருங்க வியாழக்கிழமை மறுபடி வர்றாங்க. நான் ரெண்டு வரி எழுதினேன். சீட்டு காலியா இருந்துச்சுன்னா உள்ள போகாதே, சைபரைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துருன்னு. எங்க பாஷையில சைபர்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஏன் கோளாறுன்னு திருப்பிக் குடுக்கலைன்னு கேப்பீங்க. கோளாறுன்னு சொன்னா மேல இருக்கற புரோகிராம் பயந்துக்கிட்டு அதுவும் அலாரம் அடிக்கும். மறுபடி டாக்டருங்க முன்னாடி அதே கூத்து. அதனால சைபர். எழுதிட்டு இருவது தடவை பிளக்கைப் புடுங்கிச் சொருகிப் பாத்தேன். விழவே இல்லைங்க. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்குதே!

அப்பறம் யோசிச்சேன். ஒரு எடத்துல காலியா வந்தது இன்னொரு எடத்துல வராதுன்னு என்ன நிச்சயம்? கதவு இருக்கற பக்கமெல்லாம் தாழ்ப்பா போட்டா நல்லதுதானுங்களே. சீட்டு காலியான்னு பாக்கற சோதனை, நாங்க செக்குன்னு சொல்லுவோம், அதை நாப்பத்திமூணு எடத்துல போட்டேன். கண்ணுல பட்ட சீட்டுக்கெல்லாம் போட்டேன்.

மெர்லின் நாப்பத்திமூணையும் ஒக்காந்து படிச்சா. ரெண்டை மட்டும் சரின்னுட்டா. கெர்னல்கிட்ட மெமரியில எடம் கேட்டு வாங்கறோம், அது இல்லைன்னும் சொல்லலாம், அங்க காலியான்னு கேட்டே ஆகணும்னா. இன்னொண்ணு, சில பெட்டியில இருக்கும் சில பெட்டியில இருக்காதுங்கற சாமான். அங்கயும் கேக்கணும்னா. மிச்சம் நாப்பத்தொண்ணையும் திருப்பிட்டா. ஒண்ணுல எழுதியிருந்தா, மேல் வரியிலயே இந்தச் சீட்டைப் படிச்சாச்சு, படிச்சுட்டுக் கீழ வந்து காலியான்னு கேட்டு என்ன பிரயோசனம்னு. இன்னொண்ணுல, நீங்க கேட்டு முடிச்சு அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள இன்னொருத்தர் அதைக் காலி பண்ணலாமே, பூட்டு எங்கன்னு. அந்தச் சென்சார் வரிக்கு மட்டும் கொஞ்சம் நீளமா எழுதினா. எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்குது. "இது விழட்டும். விழுந்தா அலாரம் அடிக்கும், ஆள் வருவாங்க. சைபர் குடுத்தா யாரும் வரமாட்டாங்க."

எனக்கு எப்படி இருக்கும்? வேணும்னு குத்தம் கண்டுபுடிக்கறான்னுதான் நெனச்சேன். மேனேஜர்கிட்டப் போனேன். வியாழக்கிழமை நெருங்குது, இந்தப் பொண்ணு உடமாட்டேங்குதுன்னேன். அவரு அவளை வேற டீமுக்கு மாத்திட்டார். மாத்தச் சொல்லி நான் கேக்கலைங்க. மாத்தினார். நாப்பத்திமூணும் உள்ள போச்சு. டாக்டரம்மா மறுபடி வந்து மூணு தடவை பிளக்கைப் புடுங்கினாங்க, பெட்டி மலை மாதிரி நின்னுச்சு. அறுபது கேட்டவங்க அறுபத்தொண்ணு எடுத்தாங்க. பொங்கல் விழாவுல எனக்குச் சால்வை போத்தினாங்க. மெர்லினும் கை தட்டினா. நான் பாத்தேன்.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

சித்திரையில ஒரு தாலூக்கா ஆஸ்பத்திரியில நடந்தது. ஊரு பேரு வேண்டாம், உடுங்க. ஒண்ணரைக் கிலோ இருக்கும் அந்தக் கொழந்தை, பொட்டப் புள்ளை. பொறந்து ரெண்டு நாள். நம்ம பெட்டியில இருக்குது. பட்டப்பகல், மணி ஒண்ணு பத்துக்குக் கரண்ட் போய் எட்டு நிமிசத்துல வந்திருக்குது. கம்ப்யூட்டர் பேட்டரியில ஓடிட்டுத்தான் இருந்துச்சு. சென்சார் இருக்கற போர்டுதான் தொடர்பு கழண்டு போய், கரண்ட் வந்தப்பறமும் திரும்பச் சேரலை. சீட்டு காலி. கெர்னல் வந்து கேட்டுச்சு, என்னோட செக் சைபர் குடுத்துச்சு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு. மேல இருந்த புரோகிராம் கையில ஏற்கெனவே இருந்த நம்பரையே புது நம்பருன்னு நெனச்சுக்கிச்சு. முப்பத்தாறு புள்ளி நாலு. அந்த நம்பருக்குச் சூடு போதும்னு ஹீட்டரையும் கொறைச்சு வெச்சுருச்சு.

ரெண்டே முக்கா மணி நேரம், திரையில முப்பத்தாறு புள்ளி நாலு.

அங்க ஒரு நர்ஸ். அமுதவல்லின்னு பேரு. கான்ட்ராக்ட் வேலை. பதினாலு கொழந்தைக்கு அன்னைக்கு அவங்க ஒருத்தர்தான். தாண்டிப் போறப்பல்லாம் திரையைப் பாத்திருக்காங்க. நல்லாத்தானே இருக்குது. நாலு மணிக்குத் துணி மாத்தறதுக்காகக் கையை உட்டுக் காலைத் தொட்டிருக்காங்க. சில்லுன்னு இருந்திருக்குது. திரையைப் பாத்தா முப்பத்தாறு புள்ளி நாலு. காலைத் தொட்டா ஐஸ். அந்தம்மா யோசிக்கலைங்க. கொழந்தையைத் தூக்கி அம்மா நெஞ்சுல ஒடம்போட ஒடம்பா வெச்சு, மேல போர்வை சுத்தி, வண்டியைக் கூப்புட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. பொழைச்சுக்கிச்சுங்க. பதினோரு நாள் கழிச்சு ஊட்டுக்குப் போயிருச்சு. இப்ப நல்லா இருக்குதாம். நான் விசாரிச்சேன். தெனமும் விசாரிச்சேன்.

ஆனா அப்பன்காரன் புகார் குடுத்துட்டான். அவனைச் சொல்லித் தப்பில்லை. கொழந்தை எப்படிக் குளுந்துச்சுன்னு விசாரணை வெச்சாங்க. பெட்டிக்குள்ள இருக்கற பதிவை எடுத்துப் பாத்தா, நிமிசத்துக்கு நிமிசம் முப்பத்தாறு புள்ளி நாலு. அப்ப பெட்டி சரியா இருந்திருக்குது. நர்ஸ்தான் கொழந்தையை வெளிய எடுத்துப் போட்டுட்டு எங்கயோ போயிருக்கணும்னு முடிவு கட்டிட்டாங்க. அந்தம்மா நோட்டுல எழுதி வெச்சிருந்தாங்க, கால் சில்லுன்னு இருக்குது, மிஷின் முப்பத்தாறு புள்ளி நாலு காட்டுதுன்னு. அது அப்பறமா எழுதினதுன்னுட்டாங்க.

பதிவு எங்க கம்பெனிக்கு வந்துச்சு. எங்கிட்டத்தான் குடுத்தாங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாத்தேனுங்க. நூத்தறுவது எழுபது வரி, அத்தனையும் ஒரே நம்பர். மனுச ஒடம்பு அப்படி நிக்காதுங்க அண்ணா. ஒரு புள்ளி ஏறும், ஒரு புள்ளி எறங்கும். செத்ததுதான் அப்படி நிக்கும். அது என் செக்கு குடுத்த நம்பர்னு எனக்கு அந்த நிமிசமே தெரியும்.

மேனேஜர்கிட்டப் போனேன். போகாம இல்லை. பதிவுல பிழைன்னு எங்கயாச்சும் வந்திருக்குதான்னு கேட்டார். இல்லைன்னேன். அப்ப அதைச் சொன்னாப் போதும்னார்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. என் செக்கு இல்லைன்னு வெய்யுங்க. என்ன ஆயிருக்கும்? பெட்டி விழுந்திருக்கும். நடு மத்தியானத்துல, கொழந்தை உள்ள இருக்கும்போது விழுந்திருக்கும். அது நல்லதுங்களா? அலாரம் அடிச்சிருக்கும், ஆமா. அந்தம்மா ஓடி வந்திருப்பாங்க, ஆமா, ஒண்ணு இருவதுக்கே வந்திருப்பாங்க. அது வேற விசயம். நான் சொல்றது, விழக்கூடாதுன்னு சொன்னாங்க, விழலை. என் வேலை அதுதானே?

முந்தாநாள் மெர்லின் எம்பட டேபிளுக்கு வந்தா. விசயம் அவ காதுக்கும் போயிருக்குது. தப்பைக் கண்டுபுடிச்சுட்டேன்னா. போர்டு கழண்டா சீட்டைக் காலி பண்ணற வரிக்கும், அதே நேரத்துல அதைப் படிக்க வர்ற வரிக்கும் நடுவுல பூட்டே இல்லை. திரும்பச் சேர்க்கற வரியும் அதனால மாட்டிக்கிட்டு நிக்குது. ஐப்பசியில டாக்டருங்க முன்னாடி விழுந்தது எதனாலயோ, அதே தப்புதான். அன்னைக்குப் பெட்டி அதைச் சொல்லிட்டுத்தான் விழுந்திருக்குது, வரி நம்பரோட. அவ கோவமாப் பேசலைங்க. எதுக்க ஒக்காந்து, "அன்னைக்கு ஒரு வாரம் கேட்டேன் சார். நாலு நாள் போதும்னு இப்பத்தான் தெரியுது"ன்னா. சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்ட்டா.

இன்னைக்குக் காலைல அந்த விசாரணை ஆபீஸ். நீளமா ஒரு மேசை. ஆபீசர் நல்ல மனுசன்தான், கண்ணாடி போட்டவரு. அமுதவல்லி சிஸ்டர் ஓரமா ஒரு நாற்காலியில ஒக்காந்திருந்தாங்க, கையை மடியில வெச்சுக்கிட்டு. என்னைக் கேட்டாங்க, பெட்டியோட பதிவுல ஏதாச்சும் பிழை இருக்குதான்னு. "பதிவுல எந்தப் பிழையும் இல்லைங்க"ன்னேன். இல்லைதானே? பிழைன்னு ஒரு வரிகூட இல்லை. நெசந்தானே? வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டார். கேட்டாருங்க. பேனாவைக் கையில வெச்சுக்கிட்டுக் காத்திருந்தார். நான் இல்லைங்கன்னு தலையாட்டிட்டேன். எல்லாம் டைப் பண்ணி ஒண்ணரை மணிக்குத்தான் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. அந்தம்மாவை வேலையை உட்டு எடுக்கற உத்தரவு திங்கக்கிழமை வந்துரும்.

வெளிய வந்து படியில எறங்கறேன், பின்னாடியே அந்தம்மா வந்துட்டாங்க. சண்டைக்கு வர்றாங்கன்னு நெனச்சேன். சண்டைக்கு வந்திருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்திருப்பேன். அவங்க மெதுவாத்தான் பேசினாங்க.

"சார், வேலை போனாப் போகுது. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கால் ஐஸ் மாதிரி இருந்துச்சு. மிஷின் சரின்னு நீங்க சொல்றீங்க. அப்ப என் கை தப்பாச் சொல்லுச்சா?"

அவங்களே சொன்னாங்க, அதுல இருந்து எந்தக் கொழந்தையைத் தொட்டாலும் நம்பிக்கை வரமாட்டேங்குது, தொட்டுட்டு மிஷினைப் பாக்கறேன், மறுபடி தொடறேன், மறுபடி மிஷினைப் பாக்கறேன், வீட்டுல எம்பையனுக்குக் காய்ச்சல் அடிச்சாக்கூடப் பக்கத்து வீட்டுக்காரங்களைத் தொட்டுப் பாக்கச் சொல்றேன்னு. பத்தொம்பது வருசம் நர்ஸா இருந்த பொம்பளைங்க.

பாத்துட்டுச் சொல்றனுங்கன்னேன். அவங்க நம்பரை வாங்கிக்கிட்டேன், என் நம்பரையும் குடுத்தேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

இல்லைங்க, நான் சும்மா இருக்கப் போறதில்லை. கடிதாசி எழுதப் போறேன். மேனேஜர் சரின்னு சொன்னா நாளைக்கே எழுதிடுவேன். சரின்னு சொல்லலைன்னா மொதலாளியைப் பாக்கணும், அவரு ஊர்ல இருந்தா. மெர்லினும் கையெழுத்துப் போடறேன்னு சொன்னா ரெண்டு பேருமாப் போடலாம். அந்த ஆபீசர் பேரு தெரிஞ்சாத்தான் மேல முகவரி எழுத முடியும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை வேற, ஆபீஸ் இருக்காது. திங்கக்கிழமை உத்தரவு வர்றதுக்கு முன்னாடி குடுக்க முடிஞ்சாக் குடுத்துடுவேன். முடியலைன்னா... என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

எத்தனை பெட்டின்னா கேக்கறீங்க? அறுபத்தொண்ணுங்க. ஆமா, எல்லாத்துலயும் அதேதான் ஓடுது. கரண்ட் போற ஊரெல்லாம்தான்.

நான் கெட்டவன் இல்லைங்க அண்ணா. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. சின்னது எட்டு மாசத்துலயே பொறந்தவ. நாலு நாள் பெட்டிக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். அந்த நம்பரைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். கொழந்தையைப் பாக்கலை, நம்பரைத்தான் பாத்தேன். அந்த நம்பர் நல்லா இருந்தா எனக்கு மூச்சு வரும்.

ஃபோன் அடிக்குது. ஒரு நிமிசங்க.

அவங்கதான். அமுதவல்லி சிஸ்டர்.

எடுக்கலைங்க. எடுத்து என்ன சொல்றது? எடுத்தா மறுபடி பாத்துட்டுச் சொல்றேன்னுதான் வாயில வரும், எனக்கு என்னைத் தெரியும். அடிச்சு நின்னுருச்சு. பாருங்க, மறுபடி அடிக்குது.

அண்ணா, நீங்க எடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், நீங்க பேசுங்க. நீங்க யாருன்னு கேப்பாங்க, பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்திருக்கறவருன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் விளக்க வேண்டாம், சீட்டு செக்கெல்லாம் வேண்டாம். அவங்க கை தப்பாச் சொல்லலைன்னு மட்டும் சொல்லிடுங்க. கால் நெசமாவே சில்லுன்னுதான் இருந்துச்சு, மிஷின்தான் தப்புன்னு. அது ஒண்ணு போதும். அந்தப் பச்சையைத் தள்ளுங்க. ம், பேசுங்க.

…

சொல்லிட்டீங்களா? என்ன சொல்றாங்க?

இருக்காங்களா, வெச்சுட்டாங்களா?

அழுகறாங்களா.

என்ன கேக்கறாங்க? இது யாருக்குத் தெரியும்னா? உங்களுக்கு எப்படித் தெரியும்னா கேக்கறாங்க? ஆமாங்க, நீங்க என்னத்தச் சொல்லுவீங்க, உங்களுக்கு என்ன தெரியும்.

குடுங்க. இங்க குடுங்க அண்ணா.

சிஸ்டர், நான் சிவநேசன் பேசறேன். ஆமாங்க. இல்லைங்க, அவரு சொன்னது நெசந்தான். எனக்கு அன்னைக்கே தெரியும். மிஷினுக்குள்ள அந்தத் தப்பை எழுதினது நான்தாங்க. அந்த ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும்னு தெரியுங்களா? அஞ்சே முக்காலா? வெய்யுங்க, வெய்யுங்க, நான் அங்கதான் திரும்பி வர்றேன். கண்டக்டர், இங்கயே நிறுத்துங்க, எறங்கிக்கறேன்.